ரெண்டாம் கோப்பை வந்த கதை

ஒன்பதாவது கோல் விழுந்ததும் நான் மைக்கில் ஒரு வேடிக்கை சொன்னேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் சாயங்காலம். எங்கள் பெரியமணல் கடற்கரையில் வருஷா வருஷம் நடக்கும் கால்பந்துப் போட்டியின் முதல் சுற்று. கயிறு கட்டிய மணல் மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. ஒரு பக்கம் எங்கள் அணி, மறுபக்கம் கொச்சுத்துறை என்கிற எண்பது வீட்டுக் கிராமத்தின் அணி. அவர்கள் ஒரு கோல்கூடப் போடவில்லை.

“கொச்சுத்துறை கோல்கீப்பருக்கு ஓர் அன்பான வேண்டுகோள். பந்து போய்ப் போய் வலை கிழிந்துவிட்டது. உங்கள் ஊரில் வலை பின்னத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே மைதானத்துக்கு அனுப்பி வைக்கவும்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அது போதும். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, நான் வாயால் பிழைத்தவன். மைக்செட் கடை வைத்திருந்தேன். கல்யாணம், சாவு, திருவிழா, தேர்தல் என எதற்கும் அறிவிப்பு நான்தான். ஊரில் சேவியர் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். மைக் சேவியர் என்றால் ஒருவன்தான்.

சிரிப்பு அடங்குவதற்குள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் என் கொட்டகைக்குள் வந்தார். நாற்பது வயதிருக்கும். மீன் விற்கும் அலுமினியச் சருவத்தை இடுப்பில் இடுக்கியிருந்தார். காலையில் விற்றுவிட்டு நேராக மைதானத்துக்கு வந்திருக்கிறார் என்பதை மூக்கு சொல்லிற்று.

“ஏலே மைக்கு! வலை கிழிஞ்சா பின்னுகதுக்கு எங்கூருல எல்லாருக்கும் தெரியும். ஒன் வாய் கிழிஞ்சா பின்ன யாருலே வருவா?”

மைக் போட்டபடியே இருந்தது. நாலு திசையிலும் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளில், நானே பார்த்துப் பார்த்துக் கட்டியவற்றில், அந்தக் கேள்வி கணீரென்று போயிற்று. என் வேடிக்கைக்குச் சிரித்ததைவிட இரண்டு மடங்கு சிரித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

நான் மைக்கை அணைத்தேன். அவர் விடவில்லை.

“ரெண்டு மணிக்கூர் வண்டியில இருந்து வாறோம். ஒரு மணிக்கூர் பந்து களிக்கோம். தோத்துட்டுப் போறோம். எத்தன வருசமா இதான். ரெண்டாவது களின்னு ஒண்ணு உண்டும்னு எங்க பயலுவளுக்குத் தெரியுமா? அந்தா கோலுக்கு முன்னால நிக்கானே கோலி, ஜெறோமு, என் கூடப்பொறந்த தம்பி. பதினாறு வயசுல இருந்து இங்க வாறான். இன்னியவரைக்கும் ஒரு கப்புல ரெண்டு களி ஆடினதில்ல. இந்த வருசத்தோட டீமு வேண்டாம்னு எங்க கோயில் பங்குப் பேரவையில எழுதியாச்சு. இனி ஒனக்குச் சிரிக்கதுக்கும் ஆளிருக்காது.”

சொல்லிவிட்டுச் சருவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயர் பிலோமினா. எல்லாருக்கும் பிலோமி அக்கா. அன்று மீதி ஆட்டத்துக்கு நான் கோல் எண்ணிக்கையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டில் முடிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது என்று இத்தனை வருஷம் கழித்து எழுதுவதற்கு ஒரு தயக்கமும் இல்லை.

ஒரே ஒரு தோல்வி

எங்கள் கடற்கரையில் பந்து உருளாத ஊர் கிடையாது. பையன் நடக்கப் பழகும்போதே காலில் பந்து இருக்கும். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே கால் இல்லை.

பெரிய ஊர் என்றால் இருநூறு இளைஞர்கள் இருப்பார்கள், அவர்களில் பதினோரு பேரைப் பொறுக்கலாம். போலீஸில், ரயில்வேயில் ஆடுகிற பையன்கள் ஈஸ்டருக்கு லீவு போட்டுவிட்டு வந்து இறங்குவார்கள். கொச்சுத்துறை மாதிரி ஊரில் பதினோரு பேரைச் சேர்ப்பதற்கே இரண்டு மாப்பிள்ளைமாரைப் பிடித்து வர வேண்டும்.

எங்கள் போட்டியில் பதினாறு அணி. தோற்றால் வெளியே. முதல் இரண்டு நாளில் எட்டு ஊர் கிளம்பிவிடும். கடைசி நாலு இடத்துக்கு எந்த நாலு ஊர் வரும் என்பதை நோட்டீஸ் அடிக்கும்போதே சொல்லிவிடலாம். கிளம்பிப் போன எட்டு ஊரைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. நானும்தான். அந்த எட்டு ஊர்க்காரர்கள் வருஷம் முழுக்க மணலில் ஓடிப் பயிற்சி எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆடிவிட்டு அடுத்த ஈஸ்டர்வரை காத்திருந்தார்கள் என்பது, அந்த அம்மாள் வந்து என் முகத்துக்கு நேரே சொல்லும்வரை என் மண்டையில் ஏறவில்லை.

அன்று ராத்திரி படுக்கும்போது எனக்கு மஸ்கட் ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ஷான் சார் சொன்ன ஊர்

2004 வாக்கில் நான் மஸ்கட்டில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் ஸ்டோர் கீப்பர். எங்களுக்கு மேலே ஷான் என்று ஓர் அயர்லாந்துக்காரர். வெயிலில் வேகவைத்த இறால் மாதிரி சிவந்திருப்பார். நல்ல மனிதர். நான் லேபர் கேம்ப் போட்டிகளுக்குக் கமெண்ட்ரி சொல்வதைக் கேட்டு, அர்த்தம் தெரியாமலேயே ரசிப்பார்.

அவர்கள் நாட்டில் ஒரு கால்பந்து உண்டாம். நம்முடையது மாதிரி இல்லை. பந்தைக் கையில் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம், கம்பத்துக்கு மேலே போனாலும் புள்ளி உண்டு. ஆடுகிறவன் எவனுக்கும் சம்பளம் கிடையாது. பகலில் வாத்தியார், தச்சன், மாட்டுப்பண்ணைக்காரன். சாயங்காலம் சொந்த மாவட்டத்துக்காக ஓடுவான். பிறந்த ஊரை விட்டு வேறு ஊருக்கு ஆடுவது பெரும்பாலும் நடக்காது.

“அப்போ எங்க கடற்கரை மாதிரிதான்” என்றேன்.

“அதேதான். எங்கள் மாவட்டம் சின்னது. எப்போதும் தோற்போம்” என்று சிரித்தார்.

அந்த வருஷம்தான் அங்கே, சீக்கிரமே தோற்று வெளியே போகிற மாவட்டங்களுக்கென்று தனியாக ஒரு கோப்பையை ஆரம்பித்தார்களாம். நான் நல்ல யோசனை என்றேன். ஷான் சார் உதட்டைப் பிதுக்கினார். அவர் ஊரில் பாதிப் பேர், எங்களுக்கு இந்த இரண்டாந்தரம் வேண்டாம், பெரியவனிடமே தோற்றுக்கொள்கிறோம் என்று முறுக்கிக்கொண்டார்களாம்.

“கோப்பையில் குறை இல்லை, சேவியர். கொடுத்தவர்களும் அதைக் கோப்பையாக மதிக்கவில்லை, வாங்க வேண்டியவர்களும் மதிக்கவில்லை. பிறகு அது எப்படி நிற்கும்?”

சுனாமிக்கு மறு வருஷம் நான் ஊருக்கு வந்துவிட்டேன். அதை எழுதியாகிவிட்டது, மறுபடி எழுதத் தெம்பில்லை. ஷான் சார் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஆனால் அந்தப் பேச்சு என் காதில் எங்கேயோ கிடந்திருக்கிறது.

ஈஸ்டர் போட்டி முடிந்த மறுநாள் பஸ் ஏறிக் கொச்சுத்துறைக்குப் போனேன். பிலோமி அக்கா என்னைப் பார்த்தும் கையில் இருந்த மீன் கத்தியைக் கீழே வைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஷான் சார் கதையைச் சொன்னேன். கத்தி மெதுவாகக் கீழே போயிற்று.

இரண்டாம் கூறு

போட்டிக் கமிட்டிக் கூட்டம் எங்கள் பங்கு மண்டபத்தில் நடந்தது. தலைவர் அந்தோணிப் பிச்சை. எங்கள் அணிக்கு ஒரு காலத்தில் கேப்டன், இப்போது விசைப்படகு முதலாளி. நல்லவர்தான், ஆனால் ஒரு முடிவெடுத்துவிட்டால் பாறை.

முதல் சுற்றில் தோற்கிற ஊர்களுக்கு இன்னொரு கோப்பை வைக்கலாம் என்று நான் சொன்னதும் மண்டபம் சிரித்தது. இரண்டே வாரத்தில் இரண்டாவது தடவை ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது.

“தோத்தவனுக்கு எதுக்குவே கப்பு?” என்றார் பிச்சை. “பரீச்சையில தோத்தவனுக்கும் ஒரு பரிசு குடுப்பமா?”

நான் அழைத்துக்கொண்டு போயிருந்த பிலோமி அக்கா எழுந்தார். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் பெண்.

“மொதலாளி, நீங்க ஏலம் விட்டவரு. கரையில கூறு வைக்கதப் பாத்திருக்கீங்கல்லா? மொதல் கூறு நெய்மீனு. அது ஓட்டலுக்குப் போவும். ரெண்டாம் கூறு சாளை. ஊரு சனம் முழுக்கத் திங்குதது அதத்தான். சாளையைக் கடல்லயே தட்டிட்டு வான்னு ஒரு நாளாவது ஒங்க போட்டுக்காரனுட்ட சொன்னதுண்டா?”

பங்குத்தந்தை குனிந்து செருப்பைச் சரி செய்கிற மாதிரி சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

“சரி, உண்டும்னு வைப்போம்” என்றார் பிச்சை. “யாரு வருவா?”

“அது எம் பாடு. ஆனா நாலு காரியம் கேப்பேன். இதே கிரவுண்டு வேணும். இதே ஃபாதர் கையால கப்பு குடுக்கணும். ஜெயிச்ச ஊருக்கு அடுத்த ஈஸ்டர் கப்புல கண்டிப்பா எடம் வேணும். பின்ன, இந்த மைக்கு வேணும். பெரிய கப்புக்கு எப்படித் தொண்டை கிழியக் கத்துவானோ அப்படிக் கத்தணும். கேலி ஒரு வார்த்தை வந்தா சருவத்தோட வருவேன்.”

தீர்மானம் நிறைவேறிற்று. ஒரு விதியை மட்டும் பிச்சை பிடிவாதமாகச் சேர்த்தார். பெயர் கொடுத்துவிட்டு ஆட்டத்துக்கு வராத ஊரை எந்தப் போட்டியிலும் இனிச் சேர்ப்பதில்லை.

பேச்சு பல்லக்கு, தன்னால் கால்நடை என்பார்கள். பெயர் சேர்க்கிற வேலையில்தான் அக்காவுக்கு அது தெரிந்தது. தோற்ற எட்டு ஊரில் ஐந்து ஊர் முகத்தில் அடித்த மாதிரி மறுத்தது. “பிச்சைக் கப்பு எங்களுக்கு வேண்டாம்.” அயர்லாந்து கதையேதான், கடல் மட்டும் வேறு.

அந்த ஐந்தைவிடக் கடுமையாக மறுத்தது அவர் தம்பி ஜெறோம்.

“அக்கா, பன்னிரண்டு கோல் வாங்கினாலும் பெரியமணல்கிட்ட வாங்கினேன்னு சொல்லுவேன். தோத்தவன் கப்ப வாங்கிட்டு வந்தா கடல்ல எவன் முகத்துல முழிக்கது?”

தம்பியிடம் மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் கொச்சுத்துறை பெயரை அக்காவே கொடுத்துவிட்டார். பேரவையைச் சரிக்கட்டியது இன்னும் பெரிய கதை. இந்த ஒரு தடவை ஆடட்டும், ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் வெறுங்கையோடு வந்தால் அணியைக் கலைத்துவிடலாம் என்று வேறொருவரை எழுதவைத்து, அவர்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். பெயரை மட்டும்தான் எழுதுவார்.

காலியான ஐந்து இடத்தை அவர் நிரப்பிய விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எழுந்து நின்று சல்யூட் அடிக்கத் தோன்றும். கொச்சுத்துறைப் பெண்கள் காலையில் ஆளுக்கொரு திசையில் மீன் கொண்டு போவார்கள். ஒருத்தி களியக்காவிளைப் பக்கம், ஒருத்தி மலைப்பக்கம், ஒருத்தி தோவாளைப் பக்கம். மீன் வாங்குகிற வீட்டிலெல்லாம், “ஒங்கூருல பந்து களிக்கிற பயலுவ உண்டுமா?” என்று கேட்கச் சொல்லிவிட்டார். இரண்டு வாரத்தில் பேச்சிப்பாறையில் ரப்பர் வெட்டுகிற பையன்கள் ஓர் அணி, தோவாளையில் பூச்சந்தைப் பையன்கள் ஓர் அணி, இன்னும் மூன்று. ஈஸ்டர் போட்டியில் இடமே கிடைக்காத, கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்கள். கடற்கரைப் போட்டிக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை அழைக்கப்பட்டவர்கள்.

யார் கடல் அடைத்திருந்தது?

இனி எங்கள் கமிட்டி செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். வேறு எந்த மாவட்டத்துக்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

மீன்கள் முட்டையிடும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதற்குத் தடைக்காலம் என்று பெயர். அந்த நாட்களில் ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். போட்டி வைக்க அதைவிடத் தோதான காலம் ஏது? ஆகவே தடைக்காலத்தில் தேதி குறித்து நோட்டீஸ் அடித்தோம். என் குரலில் ஆட்டோவில் விளம்பரமும் போயிற்று.

மறுநாள் அக்கா போன் செய்தார்.

“ஏலே மைக்கு, தடைக்காலம்னு போட்டிருக்கியே. யாரு கடலுக்குத் தடை?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்முடையது இரண்டு கடல் உள்ள மாவட்டம். கன்னியாகுமரி முனைக்குக் கிழக்கே சித்திரையில் தடை. மேற்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு, ஆனியில் தடை. பெரியமணல் கிழக்கே. கொச்சுத்துறை மேற்கே. எங்கள் கடல் அடைத்தால் உலகத்துக் கடலெல்லாம் அடைத்துவிடும் என்று பத்துப் பேர் உட்கார்ந்து தேதி குறித்திருக்கிறோம். பிறந்ததிலிருந்து கடல் பார்த்த பத்துப் பேர்.

கொச்சுத்துறைப் பையன்கள் கொச்சிப் பக்கம் போய்ப் படகில் ஏறியிருந்தார்கள். இருபது நாள், இருபத்தைந்து நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற வேலை. ஜெறோமும் போயிருந்தான். கரையில் மிச்சம் நாலு பேர். அந்த நாலு பேரில் ஒருவருக்கு மூட்டுவலி.

பெயர் கொடுத்துவிட்டு வராத ஊரை எந்தப் போட்டியிலும் சேர்ப்பதில்லை என்கிற விதி ஞாபகம் இருக்கிறதல்லவா? பேரவை வேறு காத்துக்கொண்டிருக்கிறது. அணியைக் காப்பாற்ற அக்கா போட்ட கையெழுத்தே அணியை முடித்துவிடும் போலிருந்தது. நான் போனில் ஏதேதோ சொன்னேன். அக்கா ஒரு திட்டுகூடத் திட்டாமல் போனை வைத்துவிட்டார்.

எதிரில் ஆள் வேண்டும்

சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு யார் எதிரி என்று முடிவு செய்ய எட்டு ஊர் ஆட்களும் பங்கு மண்டபத்துக்கு வந்தார்கள். கொச்சுத்துறைக்காக அக்கா வந்திருந்தார். சீட்டில் அவர்களுக்கு எதிராக விழுந்தது தோவாளை.

அக்கா எழுந்து நிலைமையைச் சொன்னார். கெஞ்சவில்லை. “பதினொண்ணு பேரு இல்ல. நாலு பேருதான் உண்டும்” என்று கணக்கு மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிச்சைக்கும் உள்ளூர உறுத்தல்தான். தேதி குறித்த கமிட்டிக்கு அவர்தானே தலைவர். ஆனால் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

“விதின்னு ஒண்ணு இருக்கு. ஈஸ்டர் கப்புல அஞ்சு நிமிசம் பிந்தினாலே வாக்ஓவர் குடுப்போம். தோவாளைக்கு வாக்ஓவர். தோவாளைக்காரரு யாரு? நீங்க அடுத்த சுற்றுக்குப் போயாச்சு.”

தோவாளைக் கேப்டன் தாணு எழுந்தான். பிச்சிப்பூ மொத்த வியாபாரி. வெள்ளை வேட்டி, காதோரம் பென்சில். அந்த மண்டபத்தில் அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலாமா? நாங்க இதுவரைக்கும் எந்தக் கப்புலயும் ஒரு ஆட்டம் ஜெயிச்சதில்ல. மொத ஜெயிப்ப ஊருல போய் எப்படிச் சொல்லுவேன்? எதிர்ல ஆளே வரல்ல, அதனால ஜெயிச்சோம்னா? எனக்கு எதிர்ல ஆளு வேணும் அண்ணாச்சி. அவிய கடல் எப்பம் அடைக்குமோ அப்பம் வைங்க. நாங்க இருக்கோம்.”

பேச்சிப்பாறைப் பையன் ஒருவன் பின்னாலிருந்து, “ஆனியில மழைன்னா எங்களுக்கும் பால்வெட்டு கெடையாது. எங்களுக்கும் அதான் சௌகரியம்” என்றான். பிறகு ஒவ்வொரு ஊராக. ஒரு ஊர்க்காரருக்கு ஆனியில் சொந்தத் தங்கை கல்யாணம் இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் என்றால் வருவேன் என்றார். அப்படியே தேதி குறித்தோம்.

நான் எத்தனையோ பெரிய கோப்பைகளுக்கு மைக் பிடித்திருக்கிறேன். நெஞ்சு விம்முகிற மாதிரி கோல்கள் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓர் அணி வந்து சேர்வதற்காக ஏழு அணிகள் இரண்டு மாதம் காத்திருந்ததை வேறெங்கும் பார்த்ததில்லை. எதிராளி பிந்தி வந்தால் பெரிய ஊர்க்காரர்கள் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள், நானும் எத்தனையோ தடவை மைக்கில் நிமிஷம் எண்ணியிருக்கிறேன். அன்று அந்த மண்டபத்தில் எனக்கு அவர்கள் எல்லார்மீதும் அப்படியொரு மரியாதை வந்தது. ஷான் சார் சொன்ன அந்த மதிப்பை, யாரும் கொடுக்காமல், அவர்களே கோப்பைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பிச்சை நோட்டீஸைக் கிழித்துப் போட்டார். “புதுசு அடிங்கவே” என்றார். விதியைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை.

ஜெறோம் கொச்சியில் கரை ஏறியதும் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறான். அக்கா திட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை. “ஒனக்காண்டி ஏழு ஊரு காத்துக் கெடக்குலே, மக்கா” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். “எந்த ஏழு ஊரு?” என்று அவன் கேட்டானாம். ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டானாம். கடை அடைக்கிற நேரத்துக்குள் கொச்சியிலேயே புதிதாக ஒரு ஜோடி கையுறை வாங்கிவிட்டான்.

ஆனி மழை

கோப்பையை யார் வாங்கினார்கள் என்று கேட்பீர்கள். பேச்சிப்பாறை. ரப்பர் மரத்துக்கு மரம் மலைச்சரிவில் ஓடி ஏறி இறங்குகிற கால்கள், ஈர மணலில் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல, முதல் நாள் காலையில் நடந்தது.

விடிந்ததிலிருந்து மழை. மணல் இறுகி, பந்து எகிறாமல் வழுக்கிற்று. கூட்டம் இருக்காது என்று நினைத்தேன். குடையும் தார்ப்பாயுமாக ஊர் வந்து நின்றது. மீன்காரப் பெண்கள் சருவத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு வரிசை. தோவாளைக்காரர்கள் ஒரு கூடை பிச்சி கொண்டு வந்து, ஆட்டம் தொடங்குமுன் கொச்சுத்துறைப் பையன்களுக்கு ஆளுக்கொரு முழம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர்கள் விழித்தார்கள். கடைசியில் ஜெறோம் கோல் கம்பத்தில் கட்டினான்.

நான் கத்தினேன். ஈஸ்டர் இறுதி ஆட்டத்துக்கு எப்படிக் கத்துவேனோ அப்படி. கொச்சுத்துறையின் பதினோரு பேரின் பெயரும் எனக்கு மனப்பாடம். முந்தைய ராத்திரி உட்கார்ந்து படித்திருந்தேன்.

பாதி நேரம்வரை ஒன்றுமில்லை. பிறகு தோவாளை ஒன்று போட்டது. கொச்சுத்துறை ஒன்று போட்டது. முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது, மேலே எழும்பிய பந்தை ஊருக்குக் கட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளைமாரில் ஒருவன் தலையால் தட்ட, அது ஈர மணலில் ஒரு தடவை விழுந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அதன்பிறகு தாணு கோலுக்கு நேரே அடித்த ஒரு பந்தை ஜெறோம் பாய்ந்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு மணலில் கிடந்தான். விசில் ஊதியும் எழுந்திருக்கவில்லை. தாணு வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

கொச்சுத்துறை ஜெயித்துவிட்டது என்று மைக்கில் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அதற்குள் எழுந்த கூச்சலில் இரண்டாவது தடவை யாருக்கும் கேட்டிருக்காது.

அடுத்த ஆட்டத்து ஊர்களைக் கூப்பிட்டுவிட்டுத் தற்செயலாகச் சாலைப் பக்கம் திரும்பினேன். கொச்சுத்துறையின் வேன் புகை விட்டுக்கொண்டு நின்றது. பையன்கள் குளித்து, துணி மாற்றி, தலை சீவி உள்ளே ஏறியிருந்தார்கள். முன்சீட்டில் அக்கா மடியில் சருவத்தோடு உட்கார்ந்திருந்தார். வண்டி நகர்ந்தது.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. மைக்கில் அலறினேன்.

“கொச்சுத்துறை அணி! கொச்சுத்துறை அணி வேனை விட்டு இறங்கவும்!”

வண்டி நிற்கவில்லை. மைக்கிலிருந்து அவர்களை யாரும் நல்லதுக்குக் கூப்பிட்டதில்லை. நான் மைக்கைப் போட்டுவிட்டு, செருப்பு ஒரு பக்கம் வேட்டி ஒரு பக்கமாக மழையில் ஓடினேன். வளைவில் பிடித்து, பக்கவாட்டில் கையால் ஓங்கி அறைந்தேன். வண்டி நின்றது. ஜெறோம் கண்ணாடியை நகர்த்தித் தலையை நீட்டினான்.

“என்னண்ணே? எதையாவது மறந்து வச்சிட்டு வந்திட்டமா?”

எனக்கு மூச்சு வாங்கியது. “எங்கலே போறிய?”

“வீட்டுக்கு. களி முடிஞ்சுட்டில்லா?”

“ஜெயிச்சிட்டியலே! நாலு மணிக்கு ஒங்களுக்கு அடுத்த ஆட்டம் உண்டும்.”

பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோப்பையைக் கேட்டு வாங்கிய அக்காவுக்கும் ஒரே ஆட்டத்தோடு வேன் ஏறித்தான் பழக்கம். முன்சீட்டில் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கேலி செய்கிறேனா என்று தேடுகிற பார்வை. என் முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை போலும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான குரலில் அதட்டினார்.

“என்னலே பாத்துட்டு இருக்கிய? எறங்குங்க.”

ஒவ்வொருவராக இறங்கினார்கள். மாற்று ஜெர்சி யாரிடமும் இல்லை. வேனின் ஓரத்தில் மழையில் நின்றுகொண்டு, மூட்டையைப் பிரித்து, பிழிந்து சுருட்டி வைத்திருந்த ஈர ஜெர்சிகளை மறுபடியும் தலைவழியே போட்டுக்கொண்டார்கள்.